மாரி இரவுக்கு நிரப்பிய சுட்ட உருளைக்கிழங்கு

மாரி பிடித்துவிட்டால் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு மாறிவிடும். மற்றக் காலத்தில் பிட்டு, இடியப்பம், ரொட்டி, இல்லாவிட்டால் கடைப் பாண் என்று போகும். கார்த்திகை, மார்கழியில் வானம் விடாமல் ஊற்றும்போது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து வருகிற மரக்கறி குறையும், விலை ஏறும். மீனும் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. அந்த நாட்களில் குசினி மூலையில் கூடைக்குள் கிடக்கிற உருளைக்கிழங்குதான் எனக்குக் கைகொடுக்கிறது. அதைத் தோலோடு முழுசாகச் சுட்டு, பிளந்து, இறாலோ ரின் மீனோ கடலையோ வைத்து நிரப்பி, மேலே சீஸ் தூவி இன்னொரு தரம் சூடு காட்டி எடுத்தால், ஆளுக்கு ஒன்று போதும். சோறு தேவையில்லை, தனியாகக் கறியும் தேவையில்லை.

கல்லடியில் எங்கள் வீட்டில் மாமா, மாமி, பிள்ளைகள் என்று எல்லாருக்கும் இது விருப்பமான சாப்பாடாகிவிட்டது. செய்து செய்து எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. எல்லாரும் உள்ளே என்ன வைப்பது என்று யோசிக்கிறார்கள். ருசியைத் தீர்மானிப்பதோ அதற்கு முன்னால், கிழங்கு எவ்வளவு உலர்ந்து வெந்தது என்பதில் இருக்கிறது. சதை ஈரமாக, பசைபோல் இருந்தால் எவ்வளவு நல்ல இறால் வைத்தாலும் நாக்கில் ஏறாது. சதை பிட்டு மாதிரி உதிர்ந்தால் வெறும் பட்டரும் உப்பும் மிளகும் போட்டுக்கூடச் சாப்பிடலாம். அதனால் கிழங்கைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப் போகிறேன்.

மாமி முதலில் கேட்டது, “மகள், ஒரு கிழங்கு ஒராளுக்குக் காணுமா?” என்றுதான். காணும், ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு 250 முதல் 300 கிராம் வரை உள்ள கிழங்கு சரி. கிலோவுக்கு மூன்று, நான்கு நிற்கும். பிள்ளைகளுக்கு 150 கிராம் போதும். எல்லாம் ஒரே பருமனாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்று வேகும்போது மற்றது காயாக நிற்கும். சந்தையில் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நானே கை வைத்துப் பொறுக்குவேன். நீள்வட்டமாக, கண்கள் ஆழமில்லாமல், அமுக்கினால் கல்லுப்போல இருப்பதை எடுக்க வேண்டும். தோல் பச்சை பிடித்திருந்தால் வேண்டாம். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும், சூட்டில் அது போகாது. கறிக்கென்றால் தோலை ஆழமாகச் சீவி எறியலாம். இதில் தோலையும் சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதால் விட்டுவிடுவதே நல்லது. முளை விட்டதும் அப்படித்தான்.

எந்த வகை நல்லது என்று கேட்பார்கள். மலைநாட்டில் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கூடுதலாகப் பயிராவது கிரனோலா என்ற, ஜேர்மனியில் உருவான வகை. மஞ்சள் சதை, கறிக்கு நன்றாக நிற்கும். மாசி, பங்குனி அளவில் யாழ்ப்பாணக் கிழங்கு சந்தைக்கு வரும். மற்ற நாட்களில் பாகிஸ்தான், இந்தியக் கிழங்கு. அமெரிக்காவில் இதற்கென்றே வைத்திருக்கிற ரசெட் வகை இங்கே சந்தைக்கு வருவதில்லை. அதனால் ஊரைப் பார்த்து வாங்குவதை விட, வாங்கியதைச் சோதித்துப் பார்ப்பது உதவும். 11 கோப்பைத் தண்ணீரில் 1 கோப்பை உப்பைக் கரைத்துக் கிழங்கை இடுங்கள். மாச்சத்துக் கூடியது அடர்த்தியானது, அடியில் போய் இருக்கும். நீர்ப்பிடிப்பானது மிதக்கும். தாழ்ந்ததைச் சுடுவதற்கு வைத்துக்கொண்டு, மிதந்ததைக் கறிக்கும் பால் சொதிக்கும் ஒதுக்கிவிடலாம். உப்பு வீணாகாது. அதே தண்ணீரில் நனைந்த தோல்தான் பிறகு நல்ல உப்புப் பிடித்து மொறுமொறுப்பாக வருகிறது.

கிழங்கைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாச்சத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனியாக மாறும். சுடும்போது தோல் கெதியாகக் கறுக்கும், சதை இனிக்கும், உதிராது. காற்றுப் போகிற கூடையில், இருட்டான மூலையில் வைத்தால் மாரிக் குளிரில் வாரக்கணக்கில் கிடக்கும்.

இனிச் சுடுவது. மண் போகத் தேய்த்துக் கழுவி, உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, முள்ளுக்கரண்டியால் ஆறேழு இடத்தில் குத்தி விடுங்கள். உள்ளே கூடுகிற ஆவி வெளியேறத்தான் இந்தக் குத்து. குத்தாவிட்டால் சில வேளை வெடிக்கும். ஓவனை 15 நிமிடம் முன்னரே 220 பாகையில் சூடாக்கி, கிழங்கைத் தட்டில் வைக்காமல் கம்பி அடுக்கின் மேலேயே வையுங்கள். தட்டில் வைத்தால் அடிப்பக்கம் ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். கீழே ஒரு பழைய தட்டை விட்டால் ஓவன் துப்புரவாக இருக்கும். 250 கிராம் கிழங்குக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிடிக்கும். எங்கள் வீடுகளில் இருக்கிற மேசை ஓவன்களில் சூடு ஒரு பக்கமாக அடிக்கும், ஆகவே பாதியில் ஒருதரம் திருப்பி வைக்க வேண்டும்.

எண்ணெயை முதலிலேயே பூசுகிற பழக்கம் பலரிடம் உண்டு. நான் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் பூசுகிறேன். முதலில் தோல் உலரட்டும், ஈரம் போகட்டும். பிறகு தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி மீண்டும் உள்ளே தள்ளினால் தோல் கடகடவென்று வரும். தேங்காயெண்ணெய் வாசம் பிடிக்காதவர்கள் வேறு எண்ணெய் பாவிக்கலாம். எங்கள் ஆட்களுக்கு அந்த வாசம்தான் வேண்டும்.

வெந்ததா என்று பார்க்க மெல்லிய கம்பியால் நடுவில் குத்துங்கள், தடையில்லாமல் போய் வர வேண்டும். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், நடுச்சதை 98 பாகை அளவுக்கு வந்தால் ஆயிற்று. மாச்சத்து 60 பாகைக்கு மேலே தண்ணீரை உறிஞ்சிப் பருக்கத் தொடங்குகிறது. ஆனால் அந்தச் சூட்டில் நிறுத்தினால் சதை இறுகியே இருக்கும். கொதிநிலைக்குக் கிட்டப் போனால்தான் சதை தளர்ந்து உதிரத் தொடங்கும். எடுத்த உடனே, ஆறவிடாமல், துணியால் பிடித்து நீளவாக்கில் கீறி இரண்டு பக்கமும் அமுக்கித் திறந்துவிடுங்கள். குப்பென்று ஆவி பறக்கும், பறக்க வேண்டும். திறக்காமல் வைத்தால் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகி, ஒரு மணித்தியாலம் எடுத்து உலர்த்தியது வீணாகும்.

ஈயத்தாளில் சுற்றிச் சுடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுற்றினால் கிழங்கு சுடப்படாது, அவியும். தோல் நனைந்து போகும். இன்னொரு பெரிய காரணமும் இருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில், ஈயத்தாளில் சுட்ட கிழங்கை அப்படியே வெளியே நாட்கணக்கில் வைத்திருந்து பிறகு ஓர் உணவில் சேர்த்ததால் 30 பேருக்கு பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்தது. மண்ணிலிருந்து வருகிற அந்தக் கிருமியின் வித்து ஓவன் சூட்டில் சாகாது. காற்றில்லாத, ஈரமான, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் வளர்ந்து நஞ்சு சுரக்கும். மட்டக்களப்பு வெக்கையில் இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும். மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் திறந்தபடியே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

ஓவன் இல்லையே என்பவர்களுக்கு: சேனைக்காவல் இருந்தவர்கள் தணலில் சோளனும் மரவள்ளியும் சுட்டுத் தின்ற ஊர் இது, எங்களுக்கு ஓவன் ஒரு தடையே இல்லை. 2022இல் எரிவாயு கிடைக்காமல், கரண்டும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டப்பட்ட காலத்தில் நான் சிரட்டைத் தணலில்தான் சுட்டேன். அடி கனத்த பழைய சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணலோ கல்லுப்போ பரப்பி, அதன் மேல் ஒரு கம்பி வளையத்தை வைத்துக் கிழங்குகளை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குங்கள். தகர மூடியால் மூடி, அடியில் கொஞ்சத் தணல், மூடியின் மேல் கூடத் தணல். எங்கள் அம்மம்மா கேக் சுட்டது இந்த முறையில்தான். கீழே தணல் கூடினால் அடி கருகும், மேலே கூடினால் தோல் வடிவாகச் சிவக்கும். கிழங்கு 150 கிராமுக்கு மேல் போகாமல் இருந்தால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் வெந்துவிடும். சிரட்டைப் புகை தோலில் ஏறி வருகிற மணம் ஓவனில் வராது என்பதால், இப்போது எரிவாயு இருந்தும் சில நாட்களில் இப்படியே செய்கிறேன். எரிவாயு அடுப்பில் இதே சட்டியை மிதமான தீயில் வைத்தும் செய்யலாம், மேல் தணல் இல்லாததால் கிழங்கை இரண்டு மூன்று தரம் திருப்ப வேண்டி வரும்.

ஊர்ப் பேக்கரியில் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. சின்ன வயதில் நத்தாருக்கும் வருஷத்துக்கும் கேக் தட்டுகளைப் பேக்கரிக்குத்தான் கொண்டுபோவோம். பாண் இறக்கிய பிறகு விறகுப் போறணை தன்பாட்டில் சூடு தணிந்து வரும், அந்தச் சூடு கிழங்குக்கு அளவெடுத்த மாதிரி. வீட்டில் விசேஷம் என்று இருபது, முப்பது பேருக்குச் செய்ய வேண்டி வந்தால் மேசை ஓவனோடு மல்லுக்கட்டாமல் போறணைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

கெதியாக முடிக்க வேண்டுமென்றால் மைக்ரோவேவில் எட்டுப் பத்து நிமிடம் வைத்து, பிறகு ஓவனில் 15 நிமிடம். சரிதான், ஆனால் அதே ருசி வராது.

அடுத்து, சதையை எடுப்பது. கரண்டியால் சுரண்டும்போது தோலை ஒட்டி அரை விரல் கனத்துக்குச் சதையை விட்டுவிட வேண்டும், அப்போதுதான் ஓடு உடையாமல் நிற்கும். எடுத்த சதையைச் சூட்டோடு முள்ளுக்கரண்டியால் மசியுங்கள். மிக்சியில் போடவே கூடாது. கத்தி வேகத்தில் மாத்துகள்கள் உடைந்து களியாகிவிடும். நான்கு கிழங்குக்கு 40 கிராம் பட்டர், இரண்டு மேசைக்கரண்டி சுடுபால், உப்பு, நிறைய மிளகுதூள். பட்டரை முதலில் சேர்த்துப் பிறகு பாலை விடுவேன். உப்பை இந்த இடத்தில் சரியாகப் போட வேண்டும். நிரப்புகிற கறியில் உப்பு இருக்கிறதே என்று சதையை வெறுமனே விட்டால், ஒரு வாய் உப்பும் ஒரு வாய் சப்பென்றும் இருக்கும்.

துருக்கியில் இஸ்தான்புல் நகரின் ஒர்த்தாகோய் பகுதியில் கும்பீர் என்று தெருக்கடைகளில் விற்கிறார்கள். பெரிய கிழங்கைச் சுட்டுப் பிளந்து, சதையை வெளியே எடுக்காமல் தோலுக்குள்ளேயே பட்டரும் சீஸும் போட்டுக் கிளறி மசித்து, மேலே சோளமும் ஒலிவ் காயும் ஊறுகாயும் குவிப்பார்கள். வேலைநாளில் நான் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறேன். பாத்திரமும் குறைகிறது.

இப்போது உள்ளே வைப்பது. எதை வைத்தாலும் குழம்பாக இருக்கக் கூடாது. கரண்டியில் எடுத்துச் சரித்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும், அதுதான் அளவு. இரண்டாவதாக, கிழங்கு மென்மையான, சாந்தமான சாமான் என்பதால் நிரப்புவதில் புளிப்பும் உறைப்பும் தூக்கலாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் முதலிடம் இறாலுக்கு. வாவி இறால் சின்னதாக இருந்தாலும் நல்ல இனிப்பு. உடைத்துத் துப்புரவாக்கி 300 கிராம் வருமளவு எடுத்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி அதன் தண்ணீரிலேயே இரண்டு நிமிடம் சுண்டவிட்டுத் தனியாக வையுங்கள். தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, உள்ளி, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, கீறிய பச்சைக் கொச்சிக்காய் போட்டு வதக்கி, கொச்சிக்காய்த்தூள் ஒரு தேக்கரண்டி, பிறகு முதற்பால் கால் கோப்பை. பால் வற்றி எண்ணெய் பிரிந்த பிறகு இறாலைப் போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்குங்கள். நெருப்பில் கூட நேரம் நின்றால் இறால் ரப்பராகும், அதோடு ஓவனிலும் இன்னொரு தரம் சூடு படப் போகிறது. இறக்கியபின் தேசிக்காய்ப் புளி.

இறால் விலைகூடிய நாளில் ரின் மீன். 425 கிராம் பேணி நான்கு கிழங்குக்குக் காணும். தண்ணீரை முற்றாக வடித்து, நடுமுள்ளை எடுத்து, வெங்காயமும் மிளகும் கடுகும் சேர்த்து உதிரி உதிரியாகும் வரை வறுக்க வேண்டும். பெரிய மகனுக்கு இதுதான் இறாலை விட விருப்பம்.

வெள்ளிக்கிழமையும் வைகாசியில் கண்ணகையம்மன் சடங்கு நாட்களும் எங்கள் வீட்டில் மரக்கறிதான். அப்போது அவித்த கடலையை அரைகுறையாக நசித்து, முருங்கையிலைச் சுண்டலோடு கலந்து, நெய்யில் வறுத்த கஜுவைத் தூவி நிரப்புகிறேன். தேங்காய்ப்பூவைச் சுண்டலில் கொஞ்சம் கூட வறுத்தால் ஈரம் போய்விடும். மாசிக்கருவாடு போடாத சீனிச்சம்பல் ஒரு கரண்டி மேலே வைத்தால், உள்ளே வேறு எதுவுமே இல்லாவிட்டாலும் சாப்பாடு முடிந்துவிடும்.

தயிரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டில் இதன்மேல் புளித்த கிறீம் வைப்பார்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. எருமைப்பாலில் கொழுப்பு 7, 8 சதவீதம் இருக்கும், பசும்பாலை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் எங்கள் சட்டித் தயிர் கத்தியால் வெட்டுமளவுக்கு இறுகுகிறது. அதை மெல்லிய துணியில் கட்டி இரவு முழுக்கப் பிரிட்ஜுக்குள் தொங்கவிட்டு, வடிந்த பிறகு உப்பு, நசித்த உள்ளி ஒரு பல்லு, பொடியாக வெட்டிய வெங்காயத்தாள் சேர்த்தால் எந்தக் கிறீமும் கிட்ட நிற்காது. கிழங்கு சுடச்சுட, தயிர் குளிரக் குளிர, மேசைக்கு வந்த பிறகுதான் வைக்க வேண்டும். ஓவனுக்குள் போனால் தயிர் திரைந்துவிடும்.

நிரப்பும் ஒழுங்கு: ஓட்டுக்குள் அடியில் மசித்த கிழங்கு, நடுவில் கறி, மேலே மீண்டும் மெல்லிதாகக் கிழங்கு, அதன்மேல் துருவிய சீஸ். அடியில் கிழங்கு இருப்பதால் கறியின் எண்ணெய் தோலை நனைக்காது. சீஸ் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் பழைய ரோஸ் பாணைத் தூளாக்கிப் பட்டரில் பிரட்டித் தூவலாம். சிவந்து மொறுமொறுவென்று வரும், சில நாட்களில் எனக்கே சீஸை விட இது பிடிக்கிறது. மீண்டும் 200 பாகையில் 15 நிமிடம். எடுத்ததும் வறுத்த கூனியை, அதாவது பொடி இறாலை, மேலே தூவுங்கள். மணல் போக அரித்துக் காயவைத்து, சட்டியில் எண்ணெய் இல்லாமல் வறுத்த கூனி. ஒவ்வொரு வாயிலும் நறுக்கென்று கடிபடும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய கிழங்கை வேறாக வையுங்கள், கூனி கலந்த கரண்டிகூட அதில் படக்கூடாது.

மாமாவுக்குச் சீனி வருத்தம். வெள்ளைச் சோறு 100 கிராமில் மாச்சத்து 28 கிராம் அளவில் இருக்கும், தோலோடு சுட்ட கிழங்கில் 21 கிராம் அளவு. அதற்காக நிறையச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை, சுட்ட கிழங்கு இரத்தத்தில் சீனியைக் கெதியாக ஏற்றும். அவருக்குப் பாதிக் கிழங்கு வைத்து, சதையைக் குறைத்து, இறாலும் முருங்கையிலையும் கூட்டி, பக்கத்தில் வெள்ளரிக்காயும் வெங்காயமும் வைத்துக் கொடுப்பேன். கிழங்கோடு பாண் வைப்பதில்லை.

முன்னேற்பாடாகச் செய்ய நினைத்தால் பின்னேரமே கிழங்கைச் சுட்டு நிரப்பி, சீஸ் போடாமல் பிரிட்ஜில் வைத்துவிடலாம். சாப்பிடுவதற்கு அரை மணித்தியாலம் முன் சீஸ் தூவி 180 பாகையில் 25 நிமிடம். மழையோடு கரண்டும் போகிற இரவுகளை நினைத்து நான் பின்னேரம் நான்கு மணிக்கே முதற்சூட்டை முடித்துவிடுவேன். மற்றதைத் தணற்சட்டி பார்த்துக்கொள்ளும்.

மசித்தது மிஞ்சினால் அடுத்த நாள் ரின் மீனோடு சேர்த்துக் கட்லட். தோல் மட்டும் மிஞ்சினால் விரல் அகலத்துக்கு நறுக்கி, எண்ணெயும் துண்டுக் கொச்சிக்காயும் உப்பும் பிரட்டிப் பத்து நிமிடம் ஓவனில் போட்டெடுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் தேத்தண்ணியோடு அதை முடித்துவிடுவார்கள்.